காற்றைப் பிடுங்கும் வேலை

அமலி,

இதை நீ படிக்கும்போது உனக்குப் படிப்பு முடிகிற வயது வந்திருக்கும். அதற்கு முன்னால் உன் கையில் கொடுக்க மாட்டேன். இப்போது நீ அடுத்த அறையில் பாயில் கவிழ்ந்து படுத்துத் தூங்குகிறாய். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, வெயிலுக்குப் பொம்மிடி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்ட நேரம். ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி வெகுநேரமாக நிற்கிறது. அது கிளம்பும்போது நீ விழித்துக்கொள்வாய் என்று பயந்துகொண்டே எழுதுகிறேன். உன் அத்தை பின்பக்கம் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார். உன் அப்பா செய்தித்தாளை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருக்கிறார். நாளைக் காலை வண்டியில் நான் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். உன்னைக் கூட்டிக்கொண்டு போவதா, இங்கேயே அத்தையிடம் விட்டுவிட்டுப் போவதா என்று இன்று பொழுது சாய்வதற்குள் முடிவு செய்தாக வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கே கன்னியர் பள்ளியில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார் அத்தை. அங்கே நானும் ஒரு பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறேன். இனி நீ இரண்டு ஊர்ப் பிள்ளையாக இருக்க முடியாது. இதைப் படிக்கிற உனக்கு என்ன முடிவானது என்று தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத் தெரியாது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "அப்புறம் எதுக்கு அந்த வேலை?" என்ற கேள்வி வரும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் வண்டி பிடித்து, ஜோலார்பேட்டையில் இறங்கி, அங்கே சேலம் பக்கம் போகிற பாசஞ்சருக்குக் காத்திருந்து, பொம்மிடியில் இறங்கும்போது நீ தூங்கியிருப்பாய். மறுநாள் என்னிடம் பழக உனக்குப் பாதிப் பகல் ஆகும். பழகி முடிந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும்போது நான் கிளம்புவதற்குத் துணி மடிக்க வேண்டியிருக்கும். உன் அப்பாவுக்கு ஏரியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை. அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவரும் வாரக் கடைசியில்தான் இங்கே வருகிறார். மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்கிறோம். நம் குடும்பம் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்கிற ஒரு காரியமாக இருக்கிறது.

என் வேலை என்னவென்று நம் சனத்துக்கு விளக்கி விளக்கி நான் ஓய்ந்துவிட்டேன். போன தை மாதம் நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் உன் அப்பாவின் சித்தப்பா என்னைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, பெங்களூர்ல என்னுமோ ராக்கெட்டு உடறீங்களாமே?"

"ராக்கெட் இல்லீங்க மாமா. வானத்துல சுத்தற செயற்கைக்கோளுக்குள்ள வைக்கிற பெட்டிங்களை இங்கயே வெச்சு சோதனை பண்ணிப் பாக்கறோம். மேல காத்து கெடையாது. அதனால ஒரு பெரிய இரும்பு அறைக்குள்ள பெட்டிய வெச்சு, காத்தையெல்லாம் வெளியே எடுத்துட்டு, அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாப்போம்."

அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு எதிர்ப் பந்திக்குக் கேட்கும்படி சொன்னார். "கேட்டியாடா மாரியப்பா? சைக்கிள் கடைல காத்து அடிக்கறானுங்க. நம்ம மருமவ காத்தப் புடுங்கறாளாம். அதுக்கு கவருமெண்டுல சம்பளமாம்!" பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்தப் பக்கம் அதுதான் பேர். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. காற்றைப் பிடுங்கும் வேலைதான்.

நீ பெரியவளாகி, "என் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கேட்டால் யாராவது வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். ஒரு லாரி டேங்கரைவிடப் பெரிய எஃகு உருளை, படுக்கை வாக்கில் கிடக்கும். ஒரு முனையில் கதவு. உள்ளே கறுப்புச் சாயம் பூசிய சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் குழாய்களில் திரவ நைட்ரஜன் ஓடும். சூரியன் படாத பக்கம் வானம் எவ்வளவு குளிருமோ அந்தக் குளிரை அது கொடுக்கும். எதிர்ப் பக்கம் விளக்குகள், அவை சூரியன். நடுவில் நம் பெட்டி. கதவை மூடிப் பம்புகளை ஓடவிட்டால், முதலில் இருக்கிற காற்று வேகமாகப் போய்விடும். அதற்குப் பிறகுதான் வேலை. பொருட்களின் உடம்புக்குள் ஒளிந்திருப்பது எல்லாம் மெல்ல வெளியே வரும். இரும்பில் ஒட்டிய ஈரம், கம்பியின் மேல் உறையில் இருக்கும் எண்ணெய்ப் பசை, எவனோ கையுறை போடாமல் தொட்ட விரலின் வியர்வை. வெளியே நம் மத்தியில் இருக்கும்வரை எல்லாம் சுத்தமாகத் தெரியும். சுற்றிலும் ஒன்றுமில்லை என்று ஆனதும் ஒவ்வொன்றும் தனக்குள் வைத்திருந்ததை விடத் தொடங்கும். அவசரப்படுத்த முடியாது. நடுவில் கதவைத் திறக்கவும் முடியாது. திறந்தால் அத்தனை நாள் பாடும் வீண். வெளியே உட்கார்ந்து, காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உருளையின் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பெட்டியைப் பார்க்கலாம். தொட முடியாது. உன்னை இங்கே விட்ட பிறகு அந்தக் கண்ணாடி வழியாக நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

இந்த வேலை எனக்குப் புரிந்ததற்குக் காரணம் பெங்களூரில் படித்த படிப்பு மட்டும் இல்லை. நம் மாவட்டம் சேலத்திலிருந்து பிரியாத காலம் அது; நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன். மழை பொய்த்து, எங்கள் பாழுங்கிணற்றைத் தூர் வாரலாம் என்று என் அப்பா ஆள் வைத்தார். இறங்குவதற்கு முன் கயிற்றில் ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டி உள்ளே விட்டார். பாதி ஆழத்தில் விளக்கு அணைந்தது. ஏற்றி மறுபடி விட்டார்; மறுபடி அணைந்தது. வந்த ஆட்கள் சிரித்தார்கள். "கெணத்துக்குள்ள காத்தடிச்சு அணைஞ்சிருக்கும்ங்க" என்றான் ஒருவன். அப்பா, "காத்து இருந்தாத்தான் வெளக்கு எரியும். இல்லாததாலதான் அணைஞ்சுது. இன்னிக்குக் கூலி வாங்கிட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி அன்று முழுக்கக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றி, கெட்ட காற்றைக் கலைத்துவிட்டுத்தான் மறுநாள் ஆளை இறக்கினார். மனிதர் போக வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு விளக்கு போக வேண்டும். எங்கள் உருளையும் அதே கிணறுதான், அமலி. என்ன, நாங்கள் இறக்குகிற விளக்கு கொஞ்சம் விலை அதிகம்.

உன் விஷயத்திலும் அப்படி ஒரு விளக்கை இறக்கிப் பார்த்தேன். போன வருஷம் உன்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வெளியே பொதுக் குழாய். பகலில் உன்னைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஒப்புக்கொண்டிருந்தார், தங்கமான மனுஷி. நீ அவர் கொடுத்த எதையும் வாயில் வைக்கவில்லை. "ஊட்டா மாடு கண்ணா" என்று கன்னடத்தில் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவார். மாடு எங்கே என்று நீ வாசலைப் பார்ப்பாயாம். அதைச் சொல்லி அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலையிலிருந்து வந்து தூக்கினால் என் தோளில் முகத்தை வைத்துவிட்டு, உடனே எடுத்துவிட்டு, "அத்த கிட்ட" என்று அழுவாய். வேறு வார்த்தையே கிடையாது. அந்த வாரம் முடியும் முன்னால் உன் அத்தை வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. பொம்மிடியைத் தாண்டி அந்தப் பக்கம் சேலம், இந்தப் பக்கம் ஜோலார்பேட்டை தவிர எங்கும் போகாதவர். மொழி தெரியாத ஊரில் விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டிக் காட்டி வந்து சேர்ந்தார். நீ அவர் இடுப்பில் ஏறி, கழுத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டாய். அப்படியே தூங்கிப்போனாய். அத்தை என்னைப் பார்த்தார். ஜெயித்த முகம் அது. கூடவே என்னைப் பார்க்கக் கூச்சப்படுகிற முகமும்.

"கொழந்தைக்கு வாசன புடிச்சாத்தான் ஒறக்கம் வரும்மா. ஒன் மேல என்ன வாசன இருக்குது? ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்றார்.

அது உண்மை. எங்கள் அறைக்குள் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, முகத்துக்குப் பூசுகிற எதுவும் கூடாது. எல்லாம் ஆவியாகி எதன் மேலாவது போய்ப் படியும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையை ஸ்பிரிட்டால் துடைப்போம். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். ஆண்களுக்கு அது ஒரு விதி. எனக்கு அது ஒரு வேஷம். இங்கே வந்து இறங்கினால் தெருவில் ஒவ்வொருத்தியும் என் தலையைத்தான் பார்ப்பாள். கணவன் உயிரோடு இருக்கிற பெண் காய்ந்த தலையோடு திரிந்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கும் தெரிந்திருக்கும். கோயில் வாசலில் ஒருத்தி, "என்னம்மா, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றே கேட்டாள். உன் அத்தைக்கு அது பெரிய மானக்கேடு. அவர் கணவர் கல்யாணமாகி வெகு சீக்கிரம் போய்விட்டார்; பிள்ளை இல்லை. தாலி போன பிறகும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி முடிவதை அவர் விட்டதில்லை. "சாமி எடுத்துக்கிட்டது அவர. என் தலைய இல்ல" என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவர். விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, வெந்தயமும் கருவேப்பிலையும் போட்டு அவரே காய்ச்சுவார். உன் உலகத்துக்கு அந்த வாசனைதான் கூரை, சுவர் எல்லாம். என்னிடம் அது இல்லை. நான் மட்டும் உன் மூக்குக்கு வெட்டவெளி.

அந்த வாரத்துக்குப் பிறகு நான் வாதாடவில்லை. அவரோடு உன்னை அனுப்பிவைத்தேன். விளக்கு அணைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு பங்குத் திருவிழாவுக்கு முன்னால் உனக்குக் காது குத்துவதாக நாள் குறித்தார்கள். நான் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு பெட்டி அப்போது உருளைக்குள் இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற சின்னக் கண்ணாடிக் கண் ஒன்று அதில் உண்டு. சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எல்லாம் ஒழுங்காக முடிந்து, நைட்ரஜன் வாயுவை நிரப்பிக் கதவைத் திறந்தோம். மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டை வைத்திருப்போம். சாட்சிக் கண்ணாடி என்று நாங்கள் சொல்வது. உள்ளே ஏதாவது ஆவியாகியிருந்தால் அது முதலில் அதன் மேல் தெரியும். எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி பனி பிடித்ததுபோல மங்கியிருந்தது. எண்ணெய்.

எண்ணெய் என்றதும் அறையில் இருந்த அத்தனை ஆண்களும் யோசிக்காமலே என் தலையைப் பார்த்தார்கள். எங்கள் பெரிய அதிகாரி நல்லவர், என் மேல் மரியாதை உள்ளவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "போன வாரம் ஊருக்குப் போயிருந்தீங்க இல்லையா? பண்டிகை, எண்ணெய்க் குளியல்... மறந்து..."

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. ஊரில் எண்ணெய் வைக்காததற்காக ஒரு கூட்டம் என் தலையைப் பார்க்கிறது, இங்கே வைத்திருப்பேன் என்று இன்னொரு கூட்டம் பார்க்கிறது. தொப்பியைக் கழற்றிப் பின்னலை முன்னால் போட்டேன். "தொட்டுப் பாருங்க சார்" என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். யாரும் தொடவில்லை. என் முடியைப் பார்த்தாலே போதும். வைக்கோல் மாதிரி இருக்கும்.

அப்போது பசவராஜ் முன்னால் வந்தார். எங்கள் மெக்கானிக். உருளையின் ஒவ்வொரு போல்ட்டும் அவருக்கு மனப்பாடம். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "மேடம் அல்ல சார். நானு."

கதவை மூடும் வெள்ளிக்கிழமை உருளைக்கு வெளியே பூசை போடுவது வழக்கம். தேங்காய் உடைத்து, கதவின் வெளிப்பக்கம் ஒரு குங்குமப் பொட்டு. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். நான் தள்ளி நின்று கைகட்டிப் பார்ப்பேன். அது போதாது என்று பசவராஜுக்குத் தோன்றியிருக்கிறது.

"வெளிய வெச்ச பொட்டு மேல போகுமா சார்? இந்த இரும்பு இங்கதானே இருக்குது. போறது உள்ள இருக்கற பெட்டி. அவ்ளோ தூரம் தனியா போகுது. ஒரு பொட்டு இல்லாம எப்படி அனுப்பறது? அதான் அடித்தட்டுக்குக் கீழ சின்னதா இட்டேன். பொடி உதுந்தா உள்ள கொழப்பம் ஆயிடும்னு எனக்கும் தெரியும் சார். அதனால கொஞ்சம் எண்ணெய்ல கொழைச்சு இட்டேன். உதிராது."

அவர் விதியை மறந்து செய்யவில்லை என்பதுதான் எங்களைத் திணற வைத்தது. தூசி கூடாது என்ற விதியை நினைத்து நினைத்து, அதை மீறாமல் இருக்கத்தான் எண்ணெயைச் சேர்த்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தோம். மிளகளவு இருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. எண்ணெய் மட்டும் போய்விட்டிருந்தது. அந்தப் பொட்டைப் பார்த்ததும் எனக்கு உன் கன்னம் ஞாபகம் வந்தது. உன் அத்தை பூசைக்குக் கிளம்பும்போது உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, அது போதாது என்று கன்னத்தில் ஒரு மைப்பொட்டும் வைப்பாரே, அது. அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பயம்தான் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து கதவை மூடினோம். நான் ஊருக்கு வரவில்லை. உன் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். உனக்குக் காது குத்தியபோது நீ என் தம்பி மடியில் இருந்தாய், அத்தை உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோட்டைப் போட்டுக்கொண்டு நீ என்னிடம் காட்டியபோது புண் ஆறியே போயிருந்தது. பசவராஜ் மேல் எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அமலி: உன் மேல் அன்பு வைத்தவர்கள் உனக்கு இடைஞ்சல் செய்யும்போது, அவர்கள் எதைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்று ஒரு முறை கவிழ்த்துப் பார். அதற்குப் பிறகு கோபப்பட்டால் போதும்.

உன் அப்பாவைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்று உனக்குத் தோன்றலாம். அவர் என்னை வேலையை விடச் சொன்னதே இல்லை. தன் அக்காவிடம் பிள்ளையைக் கொடு என்றும் சொன்னதில்லை, கொடுக்காதே என்றும் சொன்னதில்லை. "நீ யோசிச்சு எது சொன்னாலும் சரி" என்பார். நல்லவர்கள் இப்படித்தான் நம்மைத் தனியாக விட்டுவிடுகிறார்கள். நீ யாரையாவது கட்டிக்கொண்டால், அவன் சில நேரங்களில் உன்னோடு ஒத்துப்போகாதவனாக இருந்தாலும் பரவாயில்லை, பேசுகிறவனாகப் பார்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். களைப்பில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உன்னை இங்கேயே விட்டுவிடலாம். இங்கே கீரையும் களியும் தின்று நன்றாக இருக்கிறாய். ஓட இடம் இருக்கிறது. உன்னைத் தூங்க வைக்கிற மனுஷி இருக்கிறார். எனக்கு இருப்பது ஒரு ஆசை மட்டும். ஆசைக்காக ஒரு பிள்ளையை விளக்கு அணைந்த கிணற்றில் இரண்டாம் முறை இறக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் போனேன். அத்தை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே பேசத் தொடங்கினார்.

"ஒக்காரு. ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

உட்கார்ந்தேன்.

"பங்குனியில இவளுக்குக் காச்சலு அடிச்சிச்சுன்னு சொன்னேனில்ல? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். ஊசி போடணும்னாங்க. நானு இவ கத்துவாளேன்னு கெட்டியா புடிச்சிக்கிட்டேன். நர்சம்மா பஞ்ச ஸ்பிரிட்டுல நனைச்சு இவ கையத் தொடச்சாங்க. அழுவவே இல்ல. அந்தக் கைய மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பாத்துச்சு. பாத்துட்டு..." நிறுத்திவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்து எறிந்தார். "பாத்துட்டு வாசப்படிய திரும்பிப் பாக்குது. 'அம்மா வந்தாச்சா?'ன்னு கேக்குது. நர்சம்மாவுக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சிச்சு."

முறத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஊசி குத்தினாங்க. அப்பவும் அழுவல. அம்மா எங்க, அம்மா எங்கன்னு வெராண்டா பூரா தேடுச்சு. வூட்டுக்கு வந்தும் அந்தக் கையத் தொடைக்க உடல. மூக்குகிட்ட வெச்சிக்கிட்டே ஒறங்கிப் போச்சு. ஒன் மேல வாசனையே இல்லன்னு சொன்னவ நானு. இருக்குது போல. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் தெரியல."

"அக்கா..." என்றேன்.

"இரு, பேசிடறேன். கன்னியர் பள்ளியில எடம் வேணாம்னு காலையிலயே மதருகிட்ட சொல்லிட்டேன். பூச முடிஞ்சு நீ வெளிய நின்னுட்டிருந்தியே, அப்ப. கூட்டிக்கிட்டுப் போ."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வாரம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வந்தபோது அதை வாங்கிக்கொள்ளக் கையே நீளவில்லை. "நீங்களும் எங்களோட வந்துடுங்கக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"வந்து? அந்த ஒத்த ரூமுல எங்க படுக்கறது, ஒஞ்சோத்துப் பானை மேலயா?" சிரித்தார். "நாலு ஆடு கெடக்குது, ரெண்டு காணி நெலங் கெடக்குது. லீவுக்கு அனுப்பு. போதும்."

எழுந்து உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். நிறைய எண்ணெய். இன்றைக்குக் காய்ச்சியது அல்ல. நேற்றே காய்ச்சி ஆற வைத்திருக்கிறார். நான் வருவதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டிருக்கிறார். நான்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

"மொதல்ல கொஞ்ச நாளு அழுவும். போன தடவ பாத்தியில்ல? ராத்திரிக்கு இதுல ஒரு சொட்டு எடுத்துத் தலையில வெச்சிக்க."

"அவளுக்குத் தினமும் வெக்கறேங்கக்கா."

"அவளுக்கு இல்ல. ஒனக்கு. ஒந்தலையில வெச்சிக்கிட்டு அவளப் பக்கத்துல படுக்க வை. என்னைத் தேடாது." பாட்டிலின் மூடியை இன்னொரு முறை அழுத்தித் திருகிவிட்டு என் கையில் கொடுத்தார். "காலையில சீயக்கா போட்டு நல்லா அலசிக்கிட்டு வேலைக்குப் போ. ஒங்க பொட்டிக்கு ஆவாதில்ல?"

கூட்ஸ் வண்டி கிளம்பிவிட்டது. நீ எழுந்துவிட்டாய், அத்தையிடம் ஓடி அவர் மடியில் விழுந்து கிடக்கிறாய், இன்னும் பாதித் தூக்கத்தில். உன் அப்பா செய்தித்தாளை எடுத்து மடித்துவிட்டு, "பெட்டி ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்று என்னைக் கேட்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார். நான் எழுந்து போய் உன் துணிகளை எடுத்து வைக்க வேண்டும்.

பெங்களூரில் உன் முதல் நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்காது. அழாமல் தூங்கினாய் என்று யாராவது சொன்னால் நம்பு. ஆனால் என் கைவரிசை என்று நம்பாதே. நாளையிலிருந்து ஒவ்வொரு இரவும் நான் உன் அத்தையைத் தலையில் தேய்த்துக்கொண்டு உன் பக்கத்தில் படுப்பேன். ஒவ்வொரு காலையும் அவரை அலசிவிட்டு உருளைக்குப் போவேன். படித்து முடித்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ எங்கேயாவது நீ கிளம்புகிற நாள் வரும். அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொள்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பொம்மிடியில் இறங்கு. எண்ணெய் வைக்கத் தலையைக் கொடு என்று அத்தை கேட்பார். அவசரம் என்று சொல்லாதே. உட்கார்.

உன் அம்மா